கடலூர்ல ஒண்ணும் இல்லம்மா

14 பிப்ரவரி 2025, வெள்ளி இரவு

நாளையும் மறுநாளும் மாலை வகுப்பு கிடையாது. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே இருக்கும் இந்த மீனவ ஊருக்கு நான் வந்து ஆறு வாரம் ஆகிறது. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, கணக்குப் பார்ப்பது, பாதி வகுப்பில் நழுவியவர்களைக் கடற்கரையிலிருந்து கூட்டி வருவது என்று நாள் ஓடிவிடுகிறது. சம்பளம் இல்லாத தொண்டு வேலை. தங்க இடமும் சாப்பாடும் ஊர்க்காரர்கள் தருகிறார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா தினமும் போனில் கேட்பார், "ஊரெல்லாம் சுத்திப் பாத்தியா?" என்று. இதுவரை பார்த்தது இந்தத் தெருவும் அலையும்தான்.

வீட்டு ஆயாவிடம் நாளைக்குக் கடலூர் போகிறேன் என்றேன். எங்கள் ஊரில் ஆயா என்றால் சம்பளத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்பவர். இங்கே பாட்டியை அப்படிக் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் அந்தச் சொல் வாயில் வரவில்லை. இப்போது வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை.

"கடலூர்ல இன்னா இருக்கு? ஒண்ணும் இல்ல. பாண்டிக்குப் போ கண்ணு. பீச்சு இருக்கு, வெள்ளக்காரன் கட்டின வீடெல்லாம் இருக்கு."

பாண்டிக்கு ஞாயிறு, கடலூருக்கு நாளை என்று சொல்லிவிட்டேன். காரணம் உண்டு. எங்கள் வீட்டு அலமாரியில் கொள்ளுத்தாத்தாவின் காகிதம் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. ஊர்ப்பெயர் இருந்த இடம் மடிப்பில் கிழிந்து போய்விட்டது. ஜில்லா பெயர் மட்டும் தெளிவாகத் தெரியும், தென்னாற்காடு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்று பாட்டி சொல்வார். சின்ன வயதில் அந்தப் பெயரை வரைபடத்தில் எவ்வளவோ தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. 1993ல் அந்த ஜில்லாவைக் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், அதுவரை அதன் தலைநகர் கடலூர்தான் என்பதெல்லாம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் நாளைக்குக் கடலூர்.

15 பிப்ரவரி, சனி

காலை ஆறு மணி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. நல்ல குளிர்ந்த காற்று. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "ஓ.டி.யா, என்.டி.யா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "கடலூர் ஸ்டேஷன்" என்றேன். "எந்த ஸ்டேஷன்மா?" என்றார். பின்னால் ஆள் நிற்கிறதே என்ற அவசரத்தில் என்.டி. என்று சொல்லிவிட்டேன்.

என்னோடு பாடம் எடுக்கும் அக்கா ஏழு மணிக்கு ஸ்டேஷனில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். பஸ் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருந்த ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். போன் போட்டால், அவரும் ஸ்டேஷனில்தான் நிற்கிறாராம். கடலூர் ஒரே பெயருடைய இரண்டு ஊர். பழைய ஊர் முதுநகர், அதுதான் ஓல்டு டவுன், ஓ.டி. துறைமுகம் அங்கே. மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் சேர்ந்த புதுநகர் என்.டி. இரண்டு இடத்திலும் ரயில் நிலையம் இருக்கிறது. நான் திருப்பாதிரிப்புலியூரில், அவர் முதுநகரில். முதுநகரைத் தாண்டித்தான் பஸ் வந்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் ஓ.டி., என்.டி. இரண்டையும் முதலிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"வந்ததுதான் வந்துட்ட, பாடலீஸ்வரர் கோயிலப் பாத்துட்டு மெதுவா வா" என்றார் அக்கா. அவருக்குக் கோபமே இல்லை.

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கினேன், முப்பது ரூபாய். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டு அவரும் அதையே சொன்னார். "இங்க பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு, இந்தக் கோயில் ஒண்ணுதான்." சொன்ன கையோடு, தொடுத்துக்கொண்டிருந்த நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி வைத்துவிட்டு, அப்பர் கதையை ஆரம்பித்துவிட்டார். பல்லவ ராஜா அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டானாம். கல்லே தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது இந்த ஊரில்தானாம். "கரையேறவிட்ட குப்பம்னு ஊரே இருக்கு, போய்ப் பாரு" என்றார். சித்திரையில் அப்பர் கரையேறிய விழா நடக்கும்போது கண்டிப்பாக வர வேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் நான் ஊர் திரும்பியிருப்பேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

உள்ளே கல் தரை சில்லென்று இருந்தது. தல மரம் பாதிரி. திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரில் இருக்கும் பாதிரி இதுதான் என்பது மரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்த நீளப் பெயரை மூச்சுவிடாமல் சொல்ல மட்டும் பழகியிருந்தேன்.

முதுநகருக்கு டவுன் பஸ். பத்து ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் வாங்காமல் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுத்தார். "நான் வெளிநாடுங்க, எனக்கும் இலவசமா?" என்றேன். "பொம்பளைங்க எல்லாருக்கும்தாம்மா. உக்காருங்க" என்றார். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. பஸ் நிறையப் பெண்கள். கூடையோடு, கைக்குழந்தையோடு, கல்லூரிப் பையோடு. யாரும் சில்லறை தேடவில்லை.

முதுநகரில் அக்கா ஒரு பாய் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்கார பெரியவரிடம் பழக்க தோஷத்தில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்றுதான் சொல்வோம். இங்கே டிபன் என்கிறார்கள், ஆறு வாரமாக நானும் திருத்திக்கொண்டு வருகிறேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களும் பசியாறன்னா சொல்றீங்க? எங்க வீட்டுலயும் அதான்மா வார்த்தை." கடலோரத்து முஸ்லிம் வீடுகளில் அந்தச் சொல் இன்னும் புழங்குகிறதாம். கடல் தாண்டிப் போன சொல் என்று நினைத்திருந்தேன், அது இங்கேயும் இருக்கிறது. இரண்டு வடைக்கு அவர் காசு வாங்கவில்லை.

துறைமுகத்துக்கு நாங்கள் போனபோது ஏலம் முடியும் நேரம். உப்பனாற்றில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். சங்கரா, கிழங்கான், கானாங்கெளுத்தி, ஒரு பக்கம் தனியாகச் சின்னச் சுறா. மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு ஓர் அக்கா சங்கராவை அரியும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாலிலிருந்து தலைக்கு இரண்டு இழுப்பு, செதில் போச்சு. செவுளுக்குள் விரலை விட்டு ஒரு திருகு, குடல் வெளியே. என்னைப் பார்க்கக்கூட இல்லை, மீனையும் பார்க்கவில்லை. எதிரில் இருந்தவரோடு மகள் கல்யாணத்தைப் பேசிக்கொண்டே வெட்டினார்.

அப்புறம் கருவாடு. கால் கிலோ நெத்திலி நூறு ரூபாய். எங்கள் கணக்கில் ஐந்து வெள்ளி, ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஊரில் இதை இக்கான் பிலிஸ் என்று மலாயில்தான் கேட்டு வாங்குவோம். விற்ற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். "என்னத்த இருக்கு இங்க? தானே வந்து கூரையத் தூக்கினு போச்சு. இருந்த முந்திரித் தோப்பும் போச்சு" என்றார். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையைக் கடந்த புயல் அது. இந்த மாவட்டத்தில் நேரம் சொல்வதே இப்படித்தான். தானேவுக்கு முன்னாடி, சுனாமிக்கு அடுத்த வருஷம், பெஞ்சல் மழையப்ப. பிள்ளை பிறந்ததை, வீடு கட்டியதை எல்லாம் அதை வைத்தே சொல்கிறார்கள்.

மதியம் துறைமுகத் தெருவில் ஒரு சின்ன மெஸ். இலைச் சாப்பாடு தொண்ணூறு, சுறாப்புட்டு எண்பது. சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கியது. நான் வாழ்நாளில் சாப்பிட்ட மீன் பண்டங்களில் இதற்குத்தான் முதல் இடம். இதை யோசிக்காமல் சொல்கிறேன். பரிமாறிய அண்ணன் மோருக்குச் சோறு போதாது என்று நான் தடுக்கத் தடுக்க இன்னொரு கரண்டி வைத்தார்.

அக்காவுக்கு வீட்டில் வேலை, கிளம்பிவிட்டார். நான் ஆட்டோ பிடித்துத் தேவனாம்பட்டினம் போனேன், நூற்றைம்பது ரூபாய். வெயில் ஏறிவிட்டது. ஓட்டுநர் அண்ணன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். "சில்வர் பீச் தானே? பாக்க ஒண்ணும் இல்ல மேடம், மணல்தான்" என்றார். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றதும் திரும்பிப் பார்த்தார். "அங்க யாரும் போக மாட்டாங்களே."

உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். குண்டு உப்பலவாடி என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் முதல் நாள் இரவுதான் அதைப் படித்திருந்தேன். 1690ல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சியில் இருந்த ராஜாராம், சிவாஜியின் மகன், விற்றவர். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு கணக்குப் பேசிக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும், குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு. அப்படிச் சுட்டு எடுத்துக்கொண்ட ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். யாருடைய வயல், யாருடைய வீடு என்று யாரையும் கேட்கவில்லை. குண்டு சாலை என்று ஒரு சாலையும் இருக்கிறது.

அண்ணனுக்கு இது தெரிந்தே இருந்தது. "எங்க தாத்தா சொல்லுவாரு. ஆனா இப்ப குண்டு இல்ல, தண்ணிதான்" என்றார். பெஞ்சல் புயல் கடந்து இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் ஏறியதாம். கெடிலம் பாலத்தருகே வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கையை இடுப்பில் வைத்துக் காட்டினார். அவர் வீட்டுக்குள் அந்த அளவு. புத்தகமெல்லாம் நனைந்துவிட்டதால் மகளுக்குப் பள்ளியில் புதிதாகக் கொடுத்தார்களாம். கணக்கு நோட்டை மட்டும் வெயிலில் காயவைத்து இன்னும் அதையே வைத்திருக்கிறாளாம், பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தாலும்.

கோட்டை என்று சொல்ல அதிகம் இல்லை. செங்கல் சுவர், பிளந்து இறங்கிய வேர்கள், முள்செடி. 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஆங்கிலக் கம்பெனியின் தென்னாட்டுத் தலைமை இடம் இங்கேதான் வந்தது, 1752 வரை இருந்தது. ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துப் போட்டார். மூன்று வருடம் கழித்து, 1761ல், ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து அதைத் தரைமட்டம் ஆக்கினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், மாறி மாறி இடி. புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், திரும்பக் கட்டப்பட்டது. இன்று எல்லோரும் படம் எடுக்கும் தெருக்கள் அப்படி எழும்பியவை. இந்தக் கோட்டையைத் திரும்பக் கட்ட ஆள் இல்லை. கடலூரில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இல்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறதே.

கோட்டையிலிருந்து மணலுக்கு இறங்கும்போது வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. மணல் கொதித்தது. ஒரு காலில் செருப்போடு ஓடி, வேப்ப மர நிழலில் பனங்கிழங்கு விற்ற அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். கட்டு ஐம்பது ரூபாய், எனக்கு நாலு கிழங்கு இருபதுக்குக் கொடுத்தார். வேகவைத்த கிழங்கைத் தோல் உரித்து, நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் நரம்பை நகத்தால் நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்துக் கையில் தந்தார். மாவாகக் கரைந்தது, முடிவில் லேசான கசப்பு.

சுனாமியைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். தேவனாம்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26ல் எத்தனை வீட்டில் சாவு என்பது என் வகுப்புப் பிள்ளைகளே சொல்லித் தெரியும். அவராகவே சொன்னார். கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. கத்தி பிடித்த கையை மட்டும் மரத்தின் மேல்பக்கம் தூக்கிக் காட்டினார். "இதோ, அந்தக் கெள பிரியுதே, அதுவரைக்கும்." அப்புறம் அடுத்த கிழங்கை எடுத்தார். நான் அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வீட்டில் யார் போனார்கள் என்று அவர் சொல்லவில்லை.

ஆட்டோ அண்ணன் போகாமல் காத்திருந்தார். செருப்பைப் பார்த்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். செருப்பு தைக்கும் பெரியவர் வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலை மெழுகுக் கட்டியில் மூன்று தடவை இழுத்தார். நுனியில் கொக்கி உள்ள ஊசியைக் குத்தி, அடியில் நூலை மாட்டி மேலே எடுத்து, வளையத்துக்குள் வளையமாகப் பன்னிரண்டு தையல் போட்டார். எண்ணினேன். இருபது ரூபாய் என்றார். கொடுத்ததும், "அந்தக் காலையும் குடும்மா, அதுவும் இந்த மாசம் போயிடும்" என்று இடது செருப்பையும் வாங்கித் தைத்தார். அதற்கு எவ்வளவு நீட்டியும் வாங்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது, ஆனாலும் கிளம்பினேன். கடலூரில் பஸ் மாறி, தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். போன டிசம்பரில் ஊருக்குள் ஏறிய ஆறு இன்று மணல்திட்டுகளுக்கு நடுவே வாய்க்கால் போலக் கிடக்கிறது.

புதுச்சேரி அழகான ஊர், மறுக்க மாட்டேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அம்மாவுக்கு இரண்டு பருத்திப் புடவை பேரம் பேசி வாங்கினேன், எழுநூறு. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்து நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தன் வீட்டையே இடித்து ஊருக்குக் குளம் வெட்டிக்கொடுத்தவள் ஆயி என்பது கதை. அவள் பெயரில் மண்டபம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

வெள்ளை நகரத்தில் ஒரு காப்பிக் கடைக்குள் போனேன். காப்பி நூற்றெண்பது ரூபாய். விலையைவிட, நான் தமிழில் கேட்கக் கேட்க அந்தப் பையன் இங்கிலீஷிலேயே பதில் சொன்னதுதான் வருத்தம். நேற்று பாய் கடையில் கிடைத்த முகம் ஞாபகம் வந்துவிட்டது. அரைக் கோப்பையோடு எழுந்து வந்துவிட்டேன்.

மாலையில் கடற்கரைச் சாலை. வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், நிம்மதியாக நடக்கலாம். கடலோரம் முழுக்கக் கருங்கல். 1980களில் கட்டிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட்டதால் இங்கே கரையே கரைந்துவிட்டதாம். சில வருடங்களுக்கு முன் கடலுக்குள் தடுப்பு போட்ட பிறகுதான் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே பிள்ளைகள் கத்திக்கொண்டு விளையாடுகிறார்கள்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. செஞ்சியும் பழைய தென்னாற்காடுதான். ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன், வெயில் இறங்கியும் சூடு இருந்தது. பாரதியாரையும் நினைத்துக்கொண்டேன். பத்து வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்துக் கொண்டுபோய் வைத்தது கடலூர் சிறையில். மூன்று வாரத்துக்கு மேல் அங்கே இருந்திருக்கிறார். பாண்டியில் அவர் இருந்த வீட்டைத் தேடிப் போகிறவர்கள் கடலூரில் ஒரு மணி நேரம் இறங்கினால் என்ன?

கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். தைத்த வார் அப்படியே நின்றது.

17 பிப்ரவரி, திங்கள்

வகுப்பில் பிள்ளைகளிடம் குண்டு கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே, "நம்ம ஊர்லேர்ந்து சுட்டா எதுவரைக்கும் போவும் மிஸ்?" என்றான். கடைசியில் எல்லோரும் வெளியே ஓடி, கடலைப் பார்த்துக் கல்லெறிந்து, விழுந்த இடமெல்லாம் தனக்கு என்று சண்டை போட்டார்கள். நானும் எறிந்தேன்.

இரவு ஆயாவிடம் கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து, ஒன்றை ஒடித்து மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எவ்ளோ குடுத்த?"

"கால் கிலோ நூறு ரூபா, ஆயா."

"ஏமாத்தல. நல்லாக் காஞ்சது, மணலும் இல்ல. ஓ.டி.ல வாங்குனியா?"

ஆமாம் என்றேன். அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாளைக்குக் கத்திரிக்காய் வாங்கி வரச் சொன்னார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, அடுத்த தரம் போகும்போது தன்னையும் கூட்டிப் போ, பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது என்றார். தானேவுக்கு முன்னாடி போனதாம்.